இருபத்திரண்டரை இன்ச்

மூன்றாவது முறையும் தையல்காரருக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. நுனியை எச்சில் தொட்டுத் திரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் மனைவி, மகளின் புது கவுனோடு நின்றாள். அடுத்த மாதப் பிறந்தநாளுக்காக அவரே தைத்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய அளவுக்கு வெட்டியது.

"ரொம்ப லூசா இருக்குங்க. மேல வச்சுப் பாத்தோம். இடுப்புல கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. பத்து மணிக்கு எடுத்துடுவாங்க."

உள்ளறையில் மகள் கிடத்தப்பட்டிருந்தாள். பதினைந்து வயது. நேற்று மாலை ஐந்தேகாலுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. அவருடைய அக்கா உள்ளே அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க கொன்னுட்டேன்," என்றாள் மனைவி. வந்தவர், போனவர் எல்லோரிடமும் நேற்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போறாளே, தூக்கம் கெடுதேன்னு தண்ணி பாட்டில ஒளிச்சு வச்சேன். குழாயில வாய வச்சுக் குடிச்சிருக்கா புள்ள."

தையல்காரர் பதில் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை.

உண்மையில் அவள் அப்படித் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வீட்டில் யாரும் பயப்படவில்லை, சிரித்தார்கள். மகளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்ததே அவர்தான். "ஒட்டகம் வந்துடுச்சு, குடத்த மூடுங்க!" என்பார். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? "ஒட்டகத்தோட அப்பா யாராம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு இன்னொரு டம்ளர் குடிப்பாள்.

அப்புறம் ஸ்கூல் பாவாடை. இடுப்பில் நிற்கவில்லை என்று கொண்டுவந்தாள். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. டேப்பைச் சுற்றினார், ஒரு இன்ச் பிடித்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தாள், இன்னொரு இன்ச். மூன்றாவது முறை டேப்பைச் சுற்றியபோது இடுப்பெலும்பு விரலில் இடித்தது.

"என்னடி, திங்கிறதெல்லாம் எங்க போகுது?"

"தெரியலப்பா. பசிக்குது, சாப்பிடுறேன். கால்தான் ஓஞ்சு ஓஞ்சு வருது."

பழைய அளவை அடித்துவிட்டு, இருபத்திரண்டரை என்று நோட்டில் எழுதினார். துணியும் உடம்பும் ஒத்துப்போகவில்லையென்றால் தப்பு துணியுடையது. இருபது வருஷத் தொழிலில் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தார். பாவாடை கச்சிதமாக உட்கார்ந்ததும் அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. 

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஓயாம தண்ணி குடிக்கிறா, சோந்து சோந்து படுக்குறா. எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"வளர்ற புள்ள, உயரத்துக்குப் போகுது. பரீட்சை முடியட்டும்."

தினமும் நாலு பேர் உடம்பை அளக்கிற மனுஷன் சொல்கிறாரே என்று அவளும் விட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை வயிற்று வலி, வாந்தி. வெளியில் எதையாவது தின்றிருப்பாள் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். மத்தியானம், படுத்த இடத்திலேயே, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். வாயில் அழுகிய பழ வாடை. ஒட்டகம், ஒட்டகம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். கண்ணைத் திறந்து வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வண்டி பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மனைவி கட்டிலருகே நின்றாள். டாக்டர் அவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சர்க்கரைங்க. அறுநூறுக்கு மேல இருக்கு."

"அது வயசானவங்களுக்குத்தானே வரும்?"

"சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். தண்ணி தண்ணின்னு குடிச்சிருப்பா, அடிக்கடி பாத்ரூம் போயிருப்பா, சாப்பிட்டும் இளைச்சிருப்பா. ஒரு சொட்டு ரத்தத்துல தெரிஞ்சிடும். எப்பலேர்ந்து இளைச்சா? தோராயமா சொன்னா போதும்."

தோராயமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"ஏழு வாரத்துக்கு முன்னாடி இருபத்தாறு. அப்புறம் இருபத்தஞ்சு, இருபத்திநாலு. போன வாரம் இருபத்திரண்டரை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "எது?"

"இடுப்பு. இன்ச்சுல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காகிதத்தைப் பார்த்தபடி, "சரிங்க, வெளிய உக்காருங்க," என்றாள்.

ஒருவழியாக ஊசியில் நூல் ஏறியது. அவர் கவுனை வாங்கி மெஷினில் வைத்தார்.

"பெத்தவங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்தும் தெரியாமப் போச்சே," என்றாள் மனைவி. "நான் ஒரு பாவி."

பேசாமல் இருந்துவிடலாம். பழியை அவளாகத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள், அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். நேற்றிலிருந்து அவர் செய்துகொண்டிருந்தது அதுதான். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ இளைக்கிறது. மூணு தடவை பாவாடையப் புடிச்சேன். மொத்தம் மூணரை இன்ச். உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. நீ டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னப்ப வேணாம்னு சொன்னதும் நான்தான். நீ பாட்டில ஒளிச்சு வச்சதால ஒண்ணும் ஆகல. நீ இல்ல. நான்தான்."

மனைவி அழுகையை நிறுத்தினாள். வாசலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தார். அவள் கை நீட்டி, மெஷினிலிருந்து கவுனை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"புடிக்க வேணாம்."

"லூசா இருக்குன்னியே."

"இருக்கட்டும். அதுதான் எம்புள்ளையோட அளவு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  பிறகு கதவுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது.

"கையத் தூக்கு, கண்ணு. அப்படித்தான். இன்னொரு கை."

தையல்காரர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.