கடைசிக் கேள்வி

அந்த வாரத்தில் டீச்சர் எழுதும் ஏழாவது டி.சி. அது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றாள். வாய்க்கால் ஓரத்து வீடு. அம்மாக்காரி இஸ்திரி போடுகிறவள் என்பதால் மகளின் சீருடையில் இன்றைக்கும் மடிப்புக் கலையவில்லை. இனி எந்தப் பள்ளிக்கூடம் என்றே தெரியாத பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு மடிப்பு என்று நினைத்துக்கொண்டே டீச்சர் அவள் பெயரை எழுதினாள்.

எல்லாம் 'நம் பகுதியின் வளர்ச்சி' என்ற பாடத்தால் வந்த வினை. புத்தகத்தில் இரண்டே பக்கம். வாசித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். டீச்சருக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்தால் சோறு இறங்காதே. வீட்டில் எத்தனை பேர், குழாயில் தண்ணீர் வருகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்று பிள்ளைகளை வீடுவீடாக எழுதிவரச் சொன்னாள். அதோடு விட்டாளா? வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறதா என்று தன் பங்குக்குக் கடைசியில் ஒரு கேள்வியும் சேர்த்தாள். அதிகாரி வந்து கேட்டால் மழுப்புகிறவர்கள், தெருப்பிள்ளை நோட்டும் கையுமாக வந்து கேட்டால் மழுப்புவார்களா? உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். பத்திரம் இல்லாத வீடுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்துப் பெரிய வரைபடம் ஒன்று தயாரானது. வாய்க்கால் ஓரத்து நாற்பத்தோரு பொட்டையும் வைத்தவள் இந்தப் பெண்தான். தன் வீட்டுக்கும் அவளே வைத்தாள்.

பள்ளிக் கண்காட்சிக்கு வந்த நகராட்சி அதிகாரி அந்த வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா எடுத்ததில்லம்மா" என்று ஃபோனில் நாலைந்து படம் பிடித்துக்கொண்டார். முதல் பரிசு கிடைத்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து அதே நாற்பத்தோரு வீட்டுக்கும், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. டீச்சர் அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். "பிள்ளைங்க வரைஞ்ச படத்த வச்சா நாங்க வேலை பாக்கறோம்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றாள் டீச்சர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

"விடுங்க டீச்சர். நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணீங்க." அம்மாக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கம்பக்கத்துல எல்லாரும் இவளத்தான் சொல்றாங்க. உன் பொண்ணுதான் எழுதிக் குடுத்துட்டான்னு. இவகூட யாரும் வெளையாட வர்றதில்ல."

பெண் தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "டீச்சர், அன்னைக்கு நான் பொய் எழுதியிருக்கணுமா?"

பதினெட்டு வருஷ வேலையில் டீச்சர் எந்தப் பிள்ளையின் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "உன்மேல தப்பே இல்லடா" என்று ஆரம்பித்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. வராந்தாவில் ஐந்தாம் வகுப்பு வரிசை கட்டியது. பழக்க தோஷத்தில் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிய பெண், வரிசையில் மூன்றாவதாகப் போய் நின்று, முன்னால் நின்றவளின் தோளில் கை வைத்துக்கொண்டாள். டி.சி.யை நாலாக மடித்தபடி அம்மாக்காரி வாசலில் நின்றாள். கூப்பிடவில்லை. வரிசை மெதுவாக நகர ஆரம்பித்தது.