சுவரைப் பார்த்த நாற்காலி

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு தோமே நாற்காலியிலிருந்து எழுந்தாள். எதிரில் நின்ற ஹிரோசேவுக்குக் குனிந்து வணங்கினாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி வணங்கினாள். நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி கொடுப்பவள் ஹிரோசே. ஐந்தாவது முறை தோமே உட்கார்ந்ததும் கடிகாரத்தை நிறுத்தி, டாக்டர் குவாத்தாவிடம் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

தோமேவுக்கு எண்பத்தொன்பது வயது. இதயத்தின் முக்கியக் குழாய் ஏறக்குறைய மூடிக்கிடந்தது. ஸ்டென்ட் வைக்கத் தோதில்லாத இடம்.

"தைக்கறது எனக்குப் பெரிய வேலை இல்லம்மா," என்றார் குவாத்தா. "இதயத்த நிறுத்தாம, துடிச்சிட்டிருக்கும்போதே தைச்சிடுவேன். நெஞ்சுக்குள்ள ஓடற குழாயையே எடுத்து ஒட்டுப் போடலாம். பெரிய தமனியத் தொடவே மாட்டேன். அதுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, தொட்டா உதிர்ந்து மூளைக்குப் போயிடும். மேசையிலேர்ந்து உங்கள உயிரோட எறக்கிடுவேன். ஆனா அப்புறம்? காலுல தெம்பில்லாதவங்க படுத்தா படுத்ததுதான். உயிர் இருக்கும், வீட்டுக்குப் போக மாட்டாங்க. அஞ்சு தடவை எவ்வளவு வேகமா எழுந்து உட்கார்றீங்கன்னு பாக்கற இந்தச் சோதனை அதுக்குத்தான்."

"அதான் சொல்லிட்டாரே," என்றாள் மகள் மசுயோ. "மாத்திரையோட இருந்துட்டுப் போயேன். இந்த வயசுல நெஞ்சப் பொளந்துக்கணுமா?"

மசுயோ கெட்டவள் இல்லை. களைத்துப்போனவள். அவளுக்கே முட்டி தேய்ந்துவிட்டது.

"உங்கப்பாவுக்கு யாரு ஊட்டுவா?"

தோமேயின் கணவர் கென்சோவை இப்போதைக்கு முதியோர் இல்லத்தில் விட்டிருந்தார்கள். கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாராம். மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டுவிடலாமா என்று இல்லத்தில் கேட்டாயிற்று.

"அம்மா, அவருக்கு உன் பேரே ஞாபகம் இல்ல."

"பேரு எதுக்குடி? என் கரண்டி ஞாபகமிருக்கு. அவருக்கு முன்னாடி நான் போகக் கூடாது. பின்னாடி எப்ப வேணா போறேன்."

ஹிரோசே குவாத்தா பக்கம் திரும்பினாள். "டாக்டர், அவங்க ஒவ்வொரு தடவையும் வணங்கறாங்க. பாதி நேரம் அதுலயே போயிடுது."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. சரிங்கன்னு அதுக்கும் ஒரு வணக்கம் போட்டாங்க."

மசுயோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோமேவுக்கு வரவில்லை. வெந்நீர் ஊற்று விடுதியில் வாழ்நாளெல்லாம் விருந்தாளிகளுக்குப் பணிவிடை செய்தவள். எதிரில் ஆள் நிற்க, எழுந்து வெறுமனே நிமிர்ந்து நிற்பதா? மனம் ஒப்பினாலும் இடுப்பு ஒப்பாது. அந்த இடுப்புதான் இப்போது கென்சோவைப் பட்டினி போடப் பார்க்கிறது.

"இன்னொரு தடவை பாருங்க," என்றாள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திருப்பினாள். ஹிரோசே உதவ வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டாள். நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது. வெள்ளைச் சுவர். யாருடைய முகமும் இல்லை.

"எதிர்ல ஆள் இல்லன்னா மரியாதையும் வேண்டியதில்ல. ம், ஆரம்பிங்க."

எழுந்தாள், உட்கார்ந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். தொடைகள் அவள் சொன்னதைக் கேட்டன. மூன்றாவது முறை எழும்போதே மார்பின் நடுவில் அந்தப் பழைய பிடி விழுந்தது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல. வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்று ஹிரோசே முதலிலேயே சொல்லியிருந்தாள். தோமே பல்லைக் கடித்தாள். நான்கு. இடது தாடைவரை ஏறியது. ஐந்து.

பின்னால் கடிகாரம் நின்ற ஓசை கேட்டது. "அடேங்கப்பா!" என்றாள் ஹிரோசே. "டாக்டர், இதப் பாருங்க."

தோமே மெதுவாக எழுந்து, சுவரில் கை ஊன்றி அவர்கள் பக்கம் திரும்பினாள். பிறகு ஆழமாகக் குனிந்து வணங்கினாள். நரைத்த தலை மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மசுயோ பதிலுக்கு வணங்கி நிமிர்ந்தாள். ஹிரோசேவும் வணங்கி நிமிர்ந்தாள். தோமே இன்னும் நிமிரவில்லை.

குவாத்தா கடிகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தொடைமீது பதிந்திருந்த அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்திருந்த நகங்களில் சிவப்பு திரும்புகிறதா என்று.