அசலைக் கொடுக்காதே

வெள்ளிக்கிழமை மதியம் லிண்ட்கிரன் கூப்பிட்டார். எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வருகிற காகிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவர் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தில் இல்லாத எதுவும் உலகத்திலும் இல்லை என்று நம்புகிறவர்.

"ஒஃபேலியா, கொஞ்சம் வந்து பாருங்க. உங்க ஆளுங்க என்னமோ பண்ணி வச்சிருக்காங்க."

முப்பத்தோரு வருடமாக இந்த மாவட்டத்து லத்தீன் அமெரிக்க மக்களுக்காகப் பேசுவதுதான் என் உத்தியோகம். எங்கே எது கோணலானாலும் அவர்கள் உடனே "உங்க ஆளுங்க" ஆகிவிடுவார்கள். அவர்கள் பறித்துத் தருகிற திராட்சை மட்டும் எல்லோருக்கும் சொந்தம்.

மேசைமேல் இரண்டு அடுக்குகள். ஒன்றில் ஏழு சீட்டுகள். இன்னொன்றில் ஐம்பத்தொன்று.

"இந்த ஏழுதான் செல்லும். மத்ததெல்லாம் ஜெராக்ஸ்" என்றார்.

சீட்டின் கதை இதுதான். மெஸ்கித்தே என்பது பாதாம் தோப்புகளுக்கு நடுவில் அறுபத்து மூன்று வீடுகள். நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் குழாய் கிடையாது. கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதே என்று மாவட்டமே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நோட்டீஸ் ஒட்டியதோடு மாவட்டத்தின் கடமை முடிந்தது. மக்கள் கேன் தண்ணீரில் சமைத்தார்கள். பதினோரு வருடம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்க் கத்தி, நகரத்திலிருந்து குழாய் இழுக்க மாநில மானியம் வாங்கியிருந்தேன். ஒரே நிபந்தனை: மூன்றில் இரண்டு பங்கு வீடுகள், அதாவது நாற்பத்திரண்டு, சம்மதச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தோடு கெடு முடிகிறது. தவறினால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஐம்பத்தொரு பேரும் 'சம்மதம்' கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்திட்டு, அதை நகல் எடுத்து, நகலைத் தபாலில் சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் ஒரே கறுப்புக் கோடு. மெஸ்கித்தே மளிகைக் கடை மெஷினின் கோடு அது.

"ஏன் இப்படிப் பண்ணாங்க? அசல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டார் லிண்ட்கிரன்.

எனக்குக் காரணம் தெரியும். காரணமே நான்தான்.

எண்பத்தேழில், காகிதம் இல்லாமல் குடியேறியவர்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்த புதிதில், மாதா கோயில் கூடத்தில் மைக்கைப் பிடித்து நான் முதலில் சொன்ன வாக்கியம்: "நகலைக் கொடு, அசலைக் கொடுக்காதே." இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தேன் என்று காட்ட வாடகை ரசீதும் சம்பளச் சீட்டும்தான் சாட்சி. என் அப்பா ஒன்பது அறுவடையின் சம்பளச் சீட்டுகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு, வக்கீல் என்று போர்டு மாட்டியிருந்த ஒருவனிடம் ஒப்படைத்தார். இரண்டே வாரம். போர்டும் இல்லை, வக்கீலும் இல்லை, பெட்டியும் இல்லை. அப்பா கடைசிவரை காகிதம் இல்லாதவராகவே செத்தார். அந்த ஆத்திரத்தில்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஆத்திரம் தீரும்வரை சொன்னேன். தீரவில்லை, அதனால் முப்பத்தோரு வருடமும் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

சனிக்கிழமை காலை மெஸ்கித்தே போனேன். நேராக எர்மிலா வீட்டுக்கு. பழம் அடுக்கும் கொட்டகையில் இருபத்தாறு வருடமாக நிற்கிற பெண். அவள் தலையாட்டினால் தெருவே தலையாட்டும். முற்றத்தில் தமால் கொழுக்கட்டைக்குச் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாங்க லிசென்சியாதா. சனிக்கிழமைகூட கவர்மென்ட் வேலை செய்யுதா?"

படித்தவர்களை எங்கள் ஆட்கள் அப்படித்தான் அழைப்பார்கள். எர்மிலா வாயில் அது பாதி மரியாதை, பாதி கிண்டல்.

விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். கன்னி மரியாள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். அசல் சீட்டு, மடிப்புக்கூட விழாமல் இருந்தது.

"எவ்ளோ பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க."

"பத்திரமா வைக்கறதுக்கு இல்ல எர்மிலா. அனுப்பறதுக்கு. இத அனுப்பினாத்தான் தண்ணி வரும்."

"அசல் கொடுக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்போ கொடுன்னு சொல்றது யாரு?"

"அதுவும் நான்தான்."

"அப்போ எந்த ஒஃபேலியா சொல்றத நான் கேக்கணும்?"

பக்கத்து வீட்டுக் குமெர்சிந்தோ வேலிமேல் கையை ஊன்றி நின்றிருந்தான். "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க எர்மிலாம்மா, பேசி முடிச்சுக்கலாம்" என்றான். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினோரு வருஷமா யாருக்காக அலையறேன்? ஒரு காகிதத்துக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கத்தினேன்.

எர்மிலா கத்தவில்லை. "நம்பிக்கை இருக்குங்க. உங்க மேல. உங்க ஆபீஸ் மேல இல்ல. அதுல எங்க பேரு, கையெழுத்து, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. நாளைக்கு எவனாவது, இந்த வீட்டுல யார் யார் இருக்கான்னு கேட்டு வந்தா? உங்க அப்பா பெட்டி கதைய நீங்கதான சொன்னீங்க? அத கேட்டு அழுதவ நான்."



மாவை மூடி வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "உங்ககிட்ட இருக்கற அசல் எது?"

புரிந்தது. வீட்டுக்குப் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து என் குடியுரிமைச் சான்றிதழை எடுத்து வந்தேன். இருபத்தாறு வயதுப் படம், பெரிய கம்மல், வெற்றி பெற்ற முகம். அதை எர்மிலாவிடம் நீட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லது" என்றாள். "தண்ணி வர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

"செவ்வாய்க்கிழமை எண்ணி முடிக்கற வரைக்கும்தான!"

"எண்ணினா குடிக்க முடியுமா? தண்ணி வர்ற வரைக்கும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? திரும்பும்போது ஒரு போலீஸ் கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. நான் குடிமகள், அரசு ஊழியர், தலை நரைத்தவள். இருந்தும் சான்றிதழ் என்னிடம் இல்லை என்பதால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை எர்மிலா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். தமால் கொண்டுபோகும் துணிப்பையில் முப்பத்தேழு அசல் சீட்டுகள். மீதிப் பதினாலு பேர் என் சான்றிதழுக்கும் மசியவில்லை. லிண்ட்கிரன் ஒவ்வொன்றாக எண்ணினார். அவள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தேழும் ஏழும் நாற்பத்து நான்கு. பத்து மணி ஆக இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"ரசீது?" என்று கேட்டாள்.

"ரசீது கொடுக்கிற வழக்கம் இல்லைன்னு சொல்லுங்க" என்றார் லிண்ட்கிரன் என்னிடம்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் எர்மிலாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் 'பெற்றுக்கொண்டேன், 37' என்று கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். இருபது வருடத்தில் விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

மானியம் கிடைத்தது. தண்ணீர் வர இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது. நடுவில் நான் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டி, ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியத்துக்கு ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டார்கள், அசல்தான் வேண்டுமாம். எர்மிலாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வாரம் தவறாமல் பொறியாளர் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். வேலையில் இருந்தபோதுகூட இப்படி யாரையும் நான் நச்சரித்ததில்லை. என் காகிதம் அவர்கள் குழாயில் மாட்டியிருந்தது, அதுதான் காரணம். பொதுச்சேவை என்று பெருமையடிக்க மாட்டேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்மிலா கூப்பிட்டாள். போனபோது தெருவே அவள் முற்றத்தில் இருந்தது. குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

"முதல்ல நீங்க."

"ஏன், நான் செத்தா பரவாயில்லையா?"

"நீங்க ரிட்டையர் ஆனவங்க. நாங்க நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றான் குமெர்சிந்தோ.

குடித்தேன். மருந்து வாசனை கொஞ்சம் அடித்தது. நல்ல தண்ணீர்தான்.

எர்மிலா அந்தப் பிளாஸ்டிக் உறையை என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். என் படம், என் பெயர். வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு.

"எர்மிலா! இது ஜெராக்ஸ்!"

"நகலைக் கொடு, அசலைக் கொடுக்காதேன்னு ஒரு லிசென்சியாதா சொல்லியிருக்காங்க."

தெருவே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவள் ஏப்ரன் பையிலிருந்து அசலை எடுத்தாள். மடிப்புகூட விழவில்லை. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண் கலங்கியதால் எழுத்து சரியாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில், கொடுத்த காகிதம் திரும்பி வந்து பார்த்தவள் நான்தான் முதல்.