மைக்கைத் தொடாத மிரியம் அம்மா

ஜமுனாமரத்தூர் ஸ்கூல்ல சனிக்கிழமை ஆண்டு விழா. மைக்செட் என்னுது. அமெரிக்காலேர்ந்து வந்த பாட்டு டீச்சர் மிரியம் அம்மா முன்னாடி மைக்கை வச்சேன். தள்ளி நின்னாங்க. மறுபடி வச்சேன். இன்னும் தள்ளிட்டாங்க.

"இன்னா மேடம் இது?" ஹெட்மிஸ்ட்ரஸ் கௌசர் கிட்ட எரிஞ்சு விழுந்தேன்.

"அவங்க யூதருங்க, கண்ணாயிரம். வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து சனி பொழுது சாயற வரைக்கும் அவங்க மதத்துல ஓய்வு நாள். கரண்ட் சாமான் தொட மாட்டாங்க, மைக்குல பாடவும் மாட்டாங்க. அதனாலயே பெரிய பெரிய மேடையெல்லாம் கைவிட்டுப் போயி, டீச்சரானாங்க."

"முந்நூறு பேருக்கு எப்படிங்க கேக்கும்?"

முணுமுணுத்துக்கிட்டே பின்னாடி ஜெனரேட்டர் கிட்ட போனேன்.

அந்தம்மா பாட ஆரம்பிச்சாங்க. கடைசி வரிசையையும் தாண்டி, ஜெனரேட்டர் இரைச்சலுக்குள்ள புகுந்து வந்துச்சு குரல்.

இருபது வருஷத்துல மொத தடவையா, பாட்டு நடுவுல ஜெனரேட்டரை நானே நிறுத்தினேன்.