உம்மா பேருக்கு ஒரு கத்தி

துபாயில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பிய என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஆமிருக்குக் கத்தி செய்கிற பைத்தியம் பிடித்தது. எந்நேரமும் ஃபோனில் அந்த வீடியோதான். செய்து அலமாரியில் வைத்திருந்தால் நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன். பக்ரீதுக்கு அந்தக் கத்தியால்தான் உம்மா பேரில் கெடா அறுத்துக் குர்பானி கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த உம்மாவுக்கு, என் மாமி ஹமீது பீவிக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டன. அடுத்த பெருநாளைப் பார்க்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும். மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்தவர். ஊரார் கொடுத்த குர்பானிக் கறியை ஆக்கித் தின்றதோடு சரி, தன் பேரில் ஒரு கெடா அறுத்ததில்லை. மறுமை நாளில் சொர்க்கத்துக்குக் கடக்கிற சிராத் பாலம் முடியை விட மெல்லிசாக இருக்குமாம். நாம் குர்பானி கொடுத்த கெடாதான் நம்மைச் சுமந்து கடத்துமாம். சிறு வயதில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது அவர் மனதில் அப்படியே இருந்தது. முக்கூடலில் வாங்கி வந்த கெடாவைக் கட்டிலருகே கட்டச் சொல்லி அகத்திக்கீரை ஊட்டினார்.

"நல்லாத் தின்னுலே. நான் ஒண்ணும் பெரிய கனமில்ல" என்று அதனிடம் சொல்வார்.

ஃபோனில் கடைசியாக, கத்தி செய்யும் சாமான் அடங்கிய இரண்டு கிட் நின்றன. ஒன்றில் கத்தித் தகடு, பிடிக்கு மரத்துண்டு, ஆணி, அவ்வளவுதான். இன்னொன்றில் அரம், உப்புத்தாள், பித்தளை ஆணி, தோல் உறை, மரப்பெட்டி என்று சீர்வரிசையே இருந்தது.

"ஏளா, அதே விலைக்கு இதுல எவ்வளவு சாமான் வருது பாரு."

"அந்தத் தகடு காய்ச்சித் தோய்ச்சது, கூர் மடங்காதுன்னு போட்டிருக்கு மச்சான். இதுல அப்படி ஒண்ணும் காணோமே."

"எல்லாம் ஸ்டீலுதான்."

பெண்ணைப் பார்க்காமல் பாத்திரத்தை எண்ணுகிற கூட்டம், வேறென்ன சொல்ல.

சாமான் நிறைந்த கிட்டையே வாங்கினார். கத்தி என்னவோ அழகாகத்தான் வந்தது. தினத்தாளை நறுக்கிக் காட்டினார், நூல் நூலாக விழுந்தது. மாமி அதன் பிடிக்கு முத்தம் கொடுத்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாகப் போய்விட்டது.

பெருநாள் தொழுகை முடிந்து கறிக்கடை அலி அஸ்கர் காக்கா வந்தார். கெடாவின் கண்ணில் படாமல் தன் கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஆமிரின் கத்தியை வாங்கி விரலால் தடவினார்.

"என் கத்தியிலயே அறுங்களேன் தம்பி. அறுக்கிறது நீங்கதான."

"உம்மாட்ட சொல்லிட்டேன் காக்கா."

தன் பேர் சொல்வது காதில் விழவேண்டும் என்று மாமி சன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தார். ஆமிர் "ஹமீது பீவி பேரில்" என்று சத்தமாகச் சொன்னார். பிஸ்மி சொல்லி இழுத்தார். கத்தி கழுத்து முடியில் வழுக்கியது. அழுத்தி மறுபடி இழுத்தார். தோல் அறுந்தது, குரல்வளை அறவில்லை. அதற்குள் கூர் மடங்கிவிட்டது. கெடா அலறியது. பிள்ளை பெறும்போதுகூட நான் அப்படி அலறியதில்லை. அலி அஸ்கர் ஆமிரின் கையைத் தள்ளிவிட்டுத் தன் கத்தியால் ஒரே இழுப்பில் முடித்தார்.

"உசுரு இருக்கும்போதே அறுத்தாச்சு. கறி கூடும், தின்னலாம், குழப்பமில்ல" என்றார், ஆமிரின் முகத்தைப் பார்க்காமல்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் வரை வந்தது. மடங்கிய கத்தியை இன்னும் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. நானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். இருவருமாக உள்ளே போனோம்.

மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"உம்மா, குர்பானி முடிஞ்சுது. கறி கூடும்னு சொல்லிட்டாவ."

அவர் திரும்பவில்லை. கோபமே இல்லாமல் கேட்டார்.

"கறி கூடும்லே. என் பேரச் சொல்லித்தான அத அந்தப் பாடு படுத்துன. இனி அது என்னய ஏத்திக்கிடுமாலே?"