நான்கு தகடும் ஆறு தகடும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்து வீட்டுக் கராஜில் ஞானரட்ணத்தின் பழைய அமெரிக்கக் கார் பின்சில்லுகள் கழற்றப்பட்டு ஜாக்கியில் நின்றது. சனிக்கிழமை அதைப் பந்தயத் திடலில் ஓட்டவேண்டும். நிலத்தில், இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய இரண்டு சோடி பின் ஸ்பிரிங்குகள் கிடந்தன. ஒன்று நான்கு தகடு, மற்றது ஆறு தகடு. போன தடவை பாரம் தாங்கும் விறைப்பான ஆறு தகட்டோடு ஓடியபோது, வளைவுக்கு வளைவு பின்பக்கம் துள்ளிச் சறுக்கியது. கிளப்பில் எல்லாரும் நான்கைத்தான் போடச் சொன்னார்கள். மனுஷன் கேட்டால்தானே! கை மறுபடியும் ஆறைத் தூக்கியது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி செலீனா கண்டுவிட்டாள்.

"திரும்பவும் அதையோ?"

"பாரம் ஏறினா மற்றது பதிஞ்சுபோயிடும்."

"ரேஸ் காரிலை ஆரப்பா ஏறப்போகினம்?"

அவர் ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்தார். இலங்கையில், போர் நடந்த வன்னியில் லொறி ஓட்டிய காலத்தில், ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் முன்னர் மேலதிகமாக ஒரு தகடு பூட்டுவார். சட்டிபானை, ஆடு, கிழடுகட்டை, குஞ்சுகுருமான் எல்லாம் ஏறும். அப்படி ஒருநாள் கடைசியாக ஓடிவந்து தொற்றியவள்தான் செலீனா.

"சண்டை முடிஞ்சுதெண்டு காலமை தொடக்கம் ரீவீயிலை சொல்லுறாங்கள்," என்றாள் அவள். " இனி ஆரையும் ஏத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை."

அவளுடைய தங்கச்சி கடைசிவரை வன்னியில்தான் நின்றாள். தகவல் இன்னும் வரவில்லை.

ஞானரட்ணம் நான்கு தகட்டைப் பூட்டி, சில்லைப் போட்டு, காரை இறக்கினார். செலீனா பின்சீற்றில் ஏறி, ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓராளுக்கு இடம்விட்டு இருந்தாள்.

அவர் குனிந்து தகடுகளைப் பார்த்தார்.

"தாங்கும்," என்றார். "தங்கச்சியும் வரட்டும்."