மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள்

என் அண்ணன் ஜெனிலுக்கு முடிவெடுப்பது ஒரு வியாதி. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போகிறவன், போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தெளிவாக யோசிப்பது எப்படி என்று யாரோ பேசுவதைக் கேட்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எங்கள் தலையில் கட்டுவான். மீன் வாங்கலாமா கோழி வாங்கலாமா என்று அம்மா கேட்டால்கூட, முதலில் கேள்வியே சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பான். அம்மா சுகுமாரி அதற்குள் சாளை மீனை வாங்கிக் கழுவிக்கொண்டிருப்பாள்.

அவனிடம் நானே போய் யோசனை கேட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நிஜின், எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் சபையில் மலையாளத்திலும் அவர்கள் சபையில் தமிழிலுமாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதும் முடிந்தால் கல்யாணம்தான்.

என் சந்தேகத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நிஜின் எல்லாவற்றுக்கும் செரி என்றான். நெய்யாற்றின்கரையில் நான் பிசியோதெரபி பார்க்கும் கிளினிக்கை விட மாட்டேன் என்றேன். செரி. வீடு பாறசாலைப் பக்கம்தான் எடுக்க வேண்டும் என்றேன். செரி. சோதித்துத்தான் பார்ப்போமே என்று, கல்யாணத்துக்கு பிரியாணி வேண்டாம், கஞ்சியும் பயறும் போதும் என்றேன். அதற்கும் செரி. பிரியாணி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் சொந்த மாமனே பந்தலுக்குள் வர மாட்டார். டைல்ஸ் வாங்க வருகிறவர்களிடம் செரி சொல்லிச் சொல்லி நிஜினுக்கு நாக்கு பழகிவிட்டதோ என்னவோ. இப்படி ஒரு மாப்பிள்ளை தவம் கிடந்தாலும் கிடைக்காது, வாயை மூடிக்கொண்டு கெட்டிக்கொள் என்றார்கள் தோழிகள்.

ஜெனிலுக்கோ ஒரே குஷி. ஒரு ஆள் தானாக வந்து அவனிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. உன் இடத்தில் ஒரு தோழி இருந்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று ஆரம்பித்தான். கெட்டிக்கொள் என்றுதான் சொல்வேன், அவனோடு இருக்கப் போவது அவள்தானே என்றேன். அது சரிப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துவிட்டான்.

"மக்கா, இந்தக் கல்யாணம் எப்படி நல்லா அமையும்னு யோசிக்காத. இத எப்படி நாசமாக்கலாம்னு யோசி. தலகீழா வா. அப்ப தெரியும்."

அவன் இதுவரை சொன்னதில் உருப்படியான விஷயம் இதுதான். கிளினிக்கில் வருகிறவர்களின் முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டே யோசித்தேன். குடி, சந்தேகம், கைநீட்டுவது எதுவும் நிஜினிடம் கிடையாது. அப்படியும் நாசமாக ஒரு வழி இருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவன் செரி சொல்லிக்கொண்டே இருப்பான், அவனுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வீடு என்கிற பஸ்ஸில் டிரைவரும் நான், கண்டக்டரும் நான். ஒரு நாள் அவன் வெடிப்பான், இல்லாவிட்டால் நான் வெடிப்பேன். நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்படியானால் ஓலையை நிறுத்தலாமா என்று ஜெனிலிடம் கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு ஓலை வாசித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, இனிமேல் நிறுத்தினால் ஊர் பெண்ணைத்தான் குறை சொல்லும் என்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதற்காக ஒரு தப்பைத் தொடரக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவனே இவன்தான். அதைச் சொல்லிக் காட்டினேன். அது வேறே, இது வேறே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஆனால் ஊரைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. ஓலை நின்றுபோன பெண்ணுக்கு என்ன கோளாறோ என்று கேட்க எங்கள் சபையிலேயே நாலு பேர் உண்டு.

சனிக்கிழமை மத்தியானம் நிஜினை நெய்யாற்றின்கரைக்கு வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பழம்பொரி வேண்டுமா என்றேன். செரி என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கு மூணாவது ஓலை. அதுக்கு முன்ன ஏதாவது ஒண்ணுக்கு வேண்டாம்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்கு வேணும்னாலும். உங்களுக்கு என்ன வேண்டாம்னு எனக்குத் தெரியணும்."

அவன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். பழம்பொரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் அஜிஷா," என்றான். "நீ நல்லவளாக்கும். எனக்கு இப்ப கல்யாணமே வேண்டாம். அம்மெ கேட்டா, செரின்னேன். மாமன் கேட்டாரு, அவருக்கும் செரின்னேன். பெறவு ஓலை வாசிச்சுட்டாவ. எங்க நிறுத்தணும்னு தெரியல."

வலித்தது. சந்தேகப்பட்டவள் நான்தான், ஆனால் என்னை ஒருவன் வேண்டாம் என்பான் என்று நான் எண்ணியே பார்க்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவனை எனக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டான். எனக்கு இஷ்டமில்லை என்று எங்கள் சபைப் பாதிரியார் அச்சனிடம் நானே சொல்லிவிட முடியுமா என்றான். அவனுடைய அம்மாவிடம் சொல்ல அவனுக்குப் பயம். பாவமாக இருந்தது. செரி என்று என் வாயிலேயே வந்துவிட்டது, கடித்து நிறுத்தினேன்.

"முடியாது. வேண்டாம்னது நீங்க. நீங்களே சொல்லணும்."

நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் அம்மாவை அழைத்தான். நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பக்கம் அவன் அம்மா போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நிஜினுடைய நெற்றியெல்லாம் வேர்வை. பெண்ணுக்கு ஏதாவது குறையாடா, ஏதாவது கேள்விப்பட்டாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் தப்பித்திருப்பான். ஊரும் நம்பியிருக்கும்.

"இல்ல அம்மெ," என்றான் நிஜின். "அவளுக்கு ஒரு குறையும் கெடையாது. எனக்காக்கும் வேண்டாம். யாரு கேட்டாலும் நான் இப்படியே சொல்லுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.